பதினோராவது மேற்கோள்

ஆய்விதழ் நடத்துகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஐந்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை மெதுவாகத்தான் பார்ப்பார்கள். தாளின் ஓரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இடம் விட்டீர்கள் என்பதை முதலில் பார்ப்பார்கள். எழுத்தின் அளவு பன்னிரண்டு, வரிக்கு வரி இரட்டை இடைவெளி, அட்டவணையில் நெட்டுக்கோடு கூடாது, சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது. இப்படி இருபத்திரண்டு பக்கத்துக்கு விதிமுறை. அதில் முக்கியமான மூன்று பக்கங்களை அச்செடுத்து இளையவள் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். சாப்பிடும்போதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் எப்படியோ கவனிக்காமல் விட்டிருந்தாள். மேற்கோள் காட்டும் கட்டுரைகள் முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்றது அது. அவள் பட்டியலில் முப்பத்தொன்று இருந்தன.

வேறு யாராவது என்றால் எதை வெட்டுவது என்று கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. பதினோராவது இடத்தில் இருந்தது அவளுடைய அக்காவின் கட்டுரை.

இதற்குப் பின்னால் ஆறு வருஷத்துப் பகை இருக்கிறது. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே துறை, குழாய்த் தண்ணீரில் கலக்கும் ஈயம். அப்போது ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார்கள். பழைய குழாய்களில் இரவு முழுக்கத் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் ஈயம் அதிகம், ஆகவே காலையில் வரும் முதல் டம்ளர் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் இடையில் எழுந்து யாராவது குழாயைத் திறந்து கை கழுவிவிட்டு, காலையில் 'யாரும் தொடவே இல்லை' என்று சத்தியம் செய்வார்கள். பாதி மாதிரிகள் இப்படியே வீணாகிக்கொண்டிருந்தன. இளையவள்தான் ஒரு வழி சொன்னாள். படுக்கப் போகும்போது குழாயின் திருகின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அதில் நேரத்தை எழுதிவிட வேண்டும். காலையில் பட்டை கிழிந்திருந்தால் அந்த வீட்டுத் தண்ணீர் கணக்கில் இல்லை. அவ்வளவுதான் யோசனை. ஆனால் அதுவரை அதை யாரும் யோசிக்கவில்லை.

மூத்தவள் அதைக் கட்டுரையாக எழுதினாள், தன் பெயரில் மட்டும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், "மாதிரி பாட்டில்களைக் கழுவித் தந்த என் தங்கைக்கு நன்றி" என்று போட்டாள்.

அந்தக் கட்டுரை எங்கெங்கோ போயிற்று. அதை வைத்தே மூத்தவள் ஊரின் மறுகோடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனாள். பாட்டில் கழுவியவள் தண்ணீர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தற்காலிக ஆய்வாளராகச் சேர்ந்து, வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் வாய் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மா இளையவளோடுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்க மூத்தவள் வருவாள். ஒரே அறையில் இரண்டு நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் நடுவில் இருக்கும் அம்மாவிடம் சொல்வார்கள். "அம்மா, அவகிட்ட சொல்லு, ஜன்னலைச் சாத்தணும்னா சாத்திக்கலாம்னு." அம்மாவும் திரும்பி, அந்தப் பெண்ணின் காதில் ஏற்கெனவே விழுந்த வாக்கியத்தை ஒரு சொல் குறையாமல் மறுபடி சொல்வாள். டென்னிஸ் பார்க்கிறவர்களைப் போல ஆறு வருஷமாக அவள் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் நிறுவனத்தில் ஒரு நிரந்தரப் பதவி காலியானது. வருஷக் கடைசியில் நேர்காணல். அதற்குள் குறிப்பிட்ட சில இதழ்களில் ஒன்றில் தனிப்பெயரில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும், வராவிட்டால் விண்ணப்பமே செல்லாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது, அதற்குள் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். ஆக, இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

அதனால்தான் அவள் அத்தனை ஜாக்கிரதையாக இருந்தாள். அப்படி இருந்தும் சறுக்கினாள். கட்டுரைக்குள் மேற்கோள் எண்களைப் போட ஒரு மென்பொருள் உண்டு. பட்டியலில் ஒன்றை எடுத்தால் உள்ளே இருக்கும் எண்களையெல்லாம் அதுவே மாற்றிக்கொடுத்துவிடும். ஆனால் அனுப்புவதற்கு முன் அந்த மென்பொருளின் இணைப்புகளைத் துண்டித்து வெறும் எழுத்தாக மாற்றிவிட வேண்டும் என்பது இந்த இதழின் விதி. வெள்ளிக்கிழமை காலையில் அவள் சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக அதைச் செய்து முடித்தாள். மத்தியானம்தான் முப்பத்தொன்று கண்ணில் பட்டது.

பதினோராவதை எடுத்தாள். கீழே இருந்தவை எல்லாம் ஒருபடி மேலே ஏறி, பட்டியல் கச்சிதமாக முப்பதில் முடிந்தது. கட்டுரைக்குள் "இம்முறை முன்பே விவரிக்கப்பட்டுள்ளது [11]" என்று இருந்த வாக்கியத்தை, "இம்முறை இக்கட்டுரையாளர் உருவாக்கியது" என்று மாற்றினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்தது இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தில் உள்ளே இருக்கும் மற்ற எண்கள் இனித் தாமாக மாறாது என்பதை மறந்தே போனாள். நாலு மணிக்குள் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து மதிப்பீடு வந்தது. யார் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டார்கள், முதலாமவர் இரண்டாமவர் என்றுதான் இருக்கும். முதலாமவர் இரண்டு வரியில் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டாமவர் இப்படி ஆரம்பித்திருந்தார்:

"சின்ன விஷயம்தான், ஆனால் கட்டுரைக்குள் 31 என்று ஒரு எண் இருக்கிறது. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் கட்டுரையில் 10க்குப் பிறகு 12 வருகிறது, 11 இல்லை. பதினோராவது இடத்தில் இருந்த ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது. அதனால் 12 முதல் எழுபத்து நான்கு இடங்களில் ஒவ்வொரு எண்ணும் அடுத்த கட்டுரையைக் காட்டுகிறது. உதாரணமாக, 'கவனமின்றி எடுக்கப்பட்ட, நம்பத்தகாத அளவீடுகள் [19]' என்று கட்டுரையாளர் சாடுகிறார். இப்போதைய பட்டியலில் 19 என்பது கட்டுரையாளரே முன்பு எழுதிய கட்டுரை. நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீக்கியதைத் திரும்ப வைத்தால் எல்லா எண்களும் தாமாகவே சரியாகிவிடும்."

இளையவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. 'சின்ன விஷயம்தான், ஆனால்' என்று ஆரம்பித்துக் கழுத்தை அறுக்கிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் இவள் போட்ட படத்தில் கோடு கோணலாக இருந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கியம் அது. சொந்தத் தங்கையின் கட்டுரை என்றால் மதிப்பிட மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அதுதான் முறை. இதழாசிரியருக்கு இவர்கள் அக்கா தங்கை என்று எப்படித் தெரியும்? மூத்தவளும் வாயைத் திறக்கவில்லை.

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் உறுத்தியது. இந்தத் தவறு அப்படியே அச்சேறியிருந்தால் அவள் கதி என்ன? தன் அளவீடுகள் நம்பத்தகாதவை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகியிருக்கும். அக்கா பேசாமல் இருந்திருந்தாலே போதும், அப்படித்தான் நடந்திருக்கும். ஏன் சொன்னாள்? அவளுக்கு நன்றிக்கடன் படுவதைவிடப் பேசாமல் கிணற்றில் விழலாம் என்று இருந்தது இளையவளுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் வந்தபோது இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அம்மா, அவகிட்ட சொல்லு, அடுத்தவங்க வீட்டுக் குழாயில என்ன வருதுன்னு மோப்பம் பிடிக்கிற புத்தி இன்னும் போகலையான்னு."

அம்மா திரும்பினாள். "உனக்கு இன்னும் குழாய மோப்பம் பிடிக்கிற..."

"கேட்டுச்சும்மா. பட்டையைக் கிழிச்சது யாருன்னு முதல்ல கேளு."

அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழாய் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு, காலையிலே நல்லாத்தானே தண்ணி வந்துச்சு என்றாள். இரண்டு பெண்களும் அவளை முறைத்தார்கள்.

திருத்தி அனுப்பப் பத்து நாள் தவணை. அக்காவைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தால் அரைமணி வேலை. இளையவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எண் எண்ணாகக் கையாலேயே மாற்ற உட்கார்ந்தாள். சதுர அடைப்புக்குள் 12 என்று தேடி 11 ஆக்கினாள், 13 என்று தேடி 12 ஆக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் ஒரு கோடு கிழித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்த்தாள். கட்டுரையில் 19 என்று சாடிய இடத்தை 18 ஆக்கியபோது மூச்சு சீராயிற்று. முடித்துவிட்டுக் கோடுகளை எண்ணினால் எழுபத்து மூன்று. மறுநாள் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். அப்போதும் எழுபத்து மூன்றுதான்.

எழுபத்து நான்கு என்றாளே? இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. பேராசிரியைக்கு எண்ணத் தெரியவில்லை. இந்த ஒரு அல்ப சந்தோஷத்துக்காக இரண்டு நாள் கண் நோகப் பார்த்ததெல்லாம் தகும் என்று தோன்றியது.

மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதித் திருத்திய பிரதியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் அவள் எழுதினாள்: "பதினோராவது கட்டுரை இடவரம்பு கருதி நீக்கப்பட்டது. எண்கள் திருத்தப்பட்டன. இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுபத்து நான்கு என்று குறிப்பிட்டுள்ளார். சரியான எண்ணிக்கை எழுபத்து மூன்று." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல இடம் இருந்தது. அங்கே, சின்ன எழுத்தில், "எண்களை எண்ணித் தந்த, பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி" என்று சேர்த்தாள். அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆறு வருஷத்தில் அவள் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று பட்டது.

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க இரண்டு நாள் கொடுத்தார்கள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, நிறுவனத்தின் முகவரி சரியா, எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதழ் வெளிவந்தது. நேர்காணல் அடுத்த வியாழக்கிழமை. துறைத்தலைவர் தேர்வுக்குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும் கட்டுரையைப் பிரதியெடுத்து அனுப்பப் போவதாகச் சொல்லி, முதல்முறையாக அவளை உட்காரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் கையில் சுருட்டிய தாள்களோடு வந்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள். மூத்தவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களைப் பிரித்துத் தங்கையின் முன்னால் வைத்தாள்.

"எழுபத்து நாலுன்னுதான் எழுதியிருந்தேன்."

ஆறு வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை. இளையவள் ஒரு கணம் அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள், இதை யார் தனக்குச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல.

"ரெண்டு தடவை எண்ணினேன். எழுபத்து மூணுதான்."

"தேடிப் பார்த்து எண்ணினே. படத்துக்குள்ள தேட முடியாது."

மூன்றாவது படம். புள்ளிகள் போட்ட வரைபடம். பட்டியலில் முப்பத்தொன்று இருந்தபோதே வேறொரு மென்பொருளில் வரைந்து, எழுத்துகளும் படத்தோடு படமாகிப்போன நிலையில் அப்படியே ஒட்டியது. ஒரு மூலையில் சிவப்புப் புள்ளிகளின் கூட்டம். அதற்குப் பக்கத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், 'கவனமின்றி எடுக்கப்பட்ட அளவீடுகள் [19]' என்று எழுதியிருந்தது. இளையவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பத்தொன்பது அவளேதான். முதன்முதலாக அவள் பெயர் முதல் பெயராக வந்த கட்டுரை.

கட்டுரையை முழுசாகப் படிக்கிறவர்கள் குறைவு. தேர்வுக்குழு ஆட்கள் படம் பார்ப்பார்கள்.

"ரெண்டாவது தடவையும் உனக்குத்தான் வந்துச்சா?" என்றாள் இளையவள்.

"எனக்குத்தான். படம் மாறலைன்னு அப்பவே பார்த்துட்டேன். எழுதலாம்னு உட்கார்ந்தேன். அதுக்குள்ள கடைசிப் பக்கத்துல நன்றி கண்ணுல பட்டுச்சு."

"அதனால விட்டுட்டே."

"எண்ணித் தந்ததுக்கு நன்றின்னு போட்டிருந்தே. எண்ணித் தந்தாச்சு. அதுக்கு மேல பார்க்கறது என் வேலை இல்லைன்னு இருந்துட்டேன்."

"நீ எனக்குப் போட்டதுதான் அது. அதே இடம், அதே சின்ன எழுத்து."

"தெரியும். படிச்சப்போதான் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுது. அதுக்காக மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்காதே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இரண்டு பெண்களின் குரலும் நடுவில் தான் இல்லாமலே கேட்பதை அம்மா அப்போதுதான் உணர்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. என்ன பேசுகிறார்கள் என்பதைக் காதில் வாங்கவே இல்லை.

"பேசுங்க, பேசுங்க. நான் டீ போட்டுக் கொண்டுவரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே போனாள். மூன்று டம்ளர் டீ வந்தபோது மூத்தவள் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் இளையவள் துறைத்தலைவரிடம் போய் நின்றாள். மறைக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் வேண்டுமென்றால் சொல்லக்கூடியவள் ஒருத்தி ஊரின் மறுகோடியில் இருந்தாள். அவர் மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"திருத்தம் போட ஒத்துக்கிட்டோம்னு இதழ்காரங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம வியாழக்கிழமை உள்ளே போகாதீங்க" என்றார்.

அன்றைக்கே எழுதினாள். மூன்றாவது படத்தில் 19 என்பதை 18 என்று படிக்கவும். ஒரு வரி. செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டது. ஒரு வரியைத் திருத்தக் குறிப்பாக ஏற்க முடியாது என்று இதழாசிரியர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். தவறு எப்படி நேர்ந்தது என்ற விளக்கம் அதில் இருக்க வேண்டும். முதல் மதிப்பீட்டிலேயே எழுபத்து நான்கு என்று சுட்டிக்காட்டப்பட்டதும், எழுபத்து மூன்றுதான் என்று கட்டுரையாளர் மறுத்ததும் தங்கள் கோப்பில் இருப்பதை நினைவூட்டினார். எண்கள் நகர்ந்ததற்குக் காரணம் ஒரு மேற்கோளை நீக்கியது என்பதால், நீக்கிய கட்டுரையின் முழு விவரத்தையும் இதழின் மேற்கோள் வடிவத்திலேயே தர வேண்டும். புதன்கிழமை மத்தியானத்துக்குள் வந்தால் அன்றே ஒப்புதல் கடிதம் தரப்படும்.

புதன்கிழமை காலை அம்மா கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. இளையவள் கணினியின் முன் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த இரண்டாம் பக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேற்கோள் வடிவம் அங்கே இருந்தது. முதலில் எழுதியவர் பெயர், அதன் பின் கால்புள்ளி. பிறகு கட்டுரையின் தலைப்பு, சுருக்காமல் முழுமையாக. பிறகு இதழின் பெயர் சாய்வெழுத்தில், ஆண்டு, தொகுதி, பக்கம். அவளுக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. தலைப்பு, தொகுதி எண், தொடங்கும் பக்கம், முடியும் பக்கம் எல்லாமே ஆறு வருஷமாக மனப்பாடம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பெயருக்குப் பின் கால்புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். முடித்தபின் எண்ணினாள், இப்போதெல்லாம் எண்ணாமல் எதையும் அனுப்புவதில்லை. அச்சில் வரப்போகிற திருத்தக் குறிப்பு மொத்தம் நான்கு வரி. அதில் மூன்று வரி அக்கா.